யாருடைய கையைப் பிடிப்பது?

அன்புள்ள அம்மா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளை நீண்ட காலமாக வாசித்து வருகிறேன். இதுவரை எழுதத் தோன்றியதில்லை. இப்போது வேறு யாரிடம் கேட்பது என்று தெரியாததால் எழுதுகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

எனக்கும் என் தோழிக்கும் நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கம். மும்பை மாட்டுங்காவில் ஒரே பில்டிங்கில் எதிரெதிர் வீடுகளில் வளர்ந்தோம். பள்ளியும் பாட்டு வகுப்பும் ஒன்றுதான். திருமணத்துக்குப் பிறகு இருவருமே செம்பூருக்கு வந்து சேர்ந்தோம். கோவிட் இரண்டாம் அலையில் அவள் கணவர் தவறிவிட்டார். சென்ற ஆண்டு தை மாதம் அவள் மகளுக்குத் திருமணம் நடந்தது. ஊஞ்சல் சடங்கின்போது சுமங்கலிகளை அழைத்தார்கள். நானும் போய்ப் பாலும் பழமும் கொடுத்து, திருஷ்டி கழிக்கும் பச்சைப்பிடி உருண்டைகளைச் சுற்றிவிட்டுத் திரும்பிய பிறகுதான் அவள் அங்கே இல்லாதது எனக்கு உறைத்தது. மணப்பெண்ணின் அறையில் தனியாக உட்கார்ந்து நகைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "உன் பெண்ணுக்கு நீ பால் கொடுக்காமல் வேறு யார் கொடுப்பது?" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். வர மறுத்தாள். நான் வெளியே வந்து, வாத்தியாரிடமும் அவள் கொழுந்தனாரின் மனைவியிடமும், இது எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். நாகஸ்வரம் நின்றுபோயிற்று.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "புதன்கிழமை ஆபீஸ்காரர்களோடு மாஹிம் சர்ச்சுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாய். ஊரிலிருந்து வருகிறவர்களை ஹாஜி அலி தர்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாய். அங்கெல்லாம் உனக்கு ஒரு கேள்வியும் வராது. உன் சகிப்புத்தன்மை எல்லாம் ஊராருக்குத்தான், என் வீட்டு வழக்கத்துக்குக் கிடையாது. நான் நம்புகிறேன், அதனால் உள்ளே உட்கார்ந்தேன். உனக்கென்ன?" அதன் பிறகு எங்களிடையே பேச்சு இல்லை.

நட்பு என்பது சிரித்து மகிழ்வதற்காக அல்ல, எல்லை மீறும்போது முந்திச் சென்று இடித்துரைப்பதற்காக என்று வள்ளுவர் சொன்னபடிதானே நான் நடந்தேன்? என் அம்மாவோ, "92-93இல் இந்த ஊரைப் பார்த்தவர்கள் நாம். மத விஷயத்தில் வாயைத் திறக்காமலிருப்பதுதான் புத்தி" என்கிறாள். சகிப்புத்தன்மை என்றால் வாயை மூடிக்கொள்வதுதானா? அடுத்த மாதம் அந்தப் பெண்ணுக்கு வளைகாப்பு. தோழியிடமிருந்து வாட்ஸாப்பில் அழைப்பிதழ் மட்டும் வந்திருக்கிறது, கூட ஒரு வார்த்தை இல்லை. நான் போகலாமா?

அன்புடன்,
ஒரு வாசகி, செம்பூர்

*

அன்புள்ள வாசகிக்கு,

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்று வளர்த்த மகளின் ஊஞ்சலுக்கு முன்னால், கணவன் இறந்துவிட்டான் என்ற ஒரே காரணத்துக்காகத் தாய் வந்து நிற்கக்கூடாது என்பது கொடுமை. அதற்குச் சொல்லப்படும் சமாதானங்களை எல்லாம் நானும் ஐம்பது வயது வரை கேட்டிருக்கிறேன். எதுவும் அந்தத் தாயின் முகத்துக்கு நேரே நின்று சொல்லக்கூடியதாக இல்லை. எனவே உங்கள் கேள்வி சரியான கேள்வி. அதை நீங்கள் யாரிடம் கொண்டுபோனீர்கள் என்பதில்தான் எனக்கு வேறுபாடு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த வழக்கம் இடையில் யாரோ கொண்டுவந்து சேர்த்தது, பழந்தமிழர் வாழ்வில் இல்லாதது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நம்மில் பலருக்கு ஆசை. புறநானூற்றின் 246ஆம் பாட்டு அதற்கு இடம் தருவதில்லை. பூதப்பாண்டியன் இறந்தபின் அவன் மனைவி பெருங்கோப்பெண்டு தீப்பாயப் புறப்படுகிறாள், சான்றோர் தடுக்கிறார்கள். அவர்களைப் பார்த்து அவள் சொல்வதுதான் பாட்டு. நெய் தீண்டாமல் கையால் பிழிந்தெடுத்த நீர்ச்சோறும், எள்ளுத் துவையலும், புளியிட்டு வேகவைத்த வேளைக் கீரையும் தின்று, பாய்கூட இல்லாமல் பருக்கைக்கல் மேல் படுத்துக் கிடக்கும் கைம்பெண்களில் ஒருத்தி அல்லள் தான், தனக்குத் தீயும் தாமரைக் குளமும் ஒன்றே என்கிறாள். தீப்பாய்வதை நான் போற்றவில்லை. உடன்கட்டையின் பெருமைக்குச் சான்றாக இப்பாட்டைக் காட்டுகிறவர்கள் அந்தச் சாப்பாட்டு விவரத்தை வேகமாகக் கடந்துபோவதைத்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த விவரமே முக்கியம். தடுக்க வந்த சான்றோரை அவள் "பொல்லாச் சூழ்ச்சிப் பல்சான்றீரே" என்று அழைக்கிறாள். உயிரோடு இரு என்று சொல்ல வந்தவர்கள், இருந்தால் எப்படி இருக்க வேண்டியிருக்கும் என்பதை மாற்ற முன்வரவில்லை. அறிவுடையோர் என்று பெயர் பெற்றவர்களின் மேல் தமிழில் எழுந்த மிகப் பழைய குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்றாக இருக்கும். அது மரபுக்கு வெளியிலிருந்து வந்த குரல் அன்று, மரபு தானே தொகுத்துக் காப்பாற்றி வைத்த குரல். அதனால்தான், கேள்வி கேட்பதே மரபுக்குப் பகை என்று யாராவது சொன்னால் எனக்குப் பதில் சொல்லத் தோன்றுவதில்லை.

என் அப்பாவின் பாட்டியை நான் பார்த்திருக்கிறேன். மாட்டுங்காவில் தெலங் சாலையை ஒட்டிய வாடகை வீடு, இரண்டே அறை. மழித்த தலையை நார்மடிப் புடவையின் தலைப்பால் மூடிக்கொண்டு விடியுமுன் எழுந்து சமையலைத் தொடங்கிவிடுவாள். அப்பாவும் சித்தப்பாமார்களும் லோக்கலைப் பிடிக்கக் கிளம்பும் நேரத்தில் மட்டும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். கிளம்புகிறவர்களின் எதிரே தான் வந்துவிடக் கூடாதாம். படிக்கட்டில் காலடி ஓசை கீழே இறங்கி அடங்கிய பிறகு, "போயாச்சாடி?" என்று எங்களைக் கேட்டுவிட்டு வெளியே வருவாள். அந்த வீட்டில் யாரும் அவளை அங்கே போய் நில் என்று சொன்னதில்லை. அவளும் உங்கள் தோழியைப் போல நம்பித்தான் நின்றாள். ஆனால் அப்பா ஒரு நாளாவது செருப்பை மாட்டுவதற்கு முன் உள்ளே போய், "பாட்டி, வெளியே வா, உன்னைப் பார்த்துவிட்டுப் போகிறேன்" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு சாஸ்திர விவாதம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. இரண்டு நிமிடம் முன்னதாகக் கிளம்பத் தயாராகியிருந்தால் போதும்.

இந்த ஊரின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. மும்பைத் தமிழர்களிடையே அது அதிகம் பேசப்படுவதில்லை என்பது எனக்கு ஒரு குறை. சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலேயின் தோழரும், பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களை முதன்முதலில் ஒருங்கிணைத்தவர்களில் ஒருவருமான நாராயண் மேகாஜி லோகண்டேயின் முயற்சியால், 1890ஐ ஒட்டி, இந்நகரத்து நாவிதர்கள் கூடிக் கைம்பெண்களின் தலையை இனி மழிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான். படித்தவர்கள் பத்திரிகைகளில் அறிக்கையும் மறுப்பும் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் தொழிலாளர்கள் எந்தக் கைம்பெண்ணின் வீட்டு வாசலிலும் போய் நின்று, "நீ தலையைக் குனியாதே, எதிர்த்து நில்" என்று சொல்லவில்லை. வழக்கத்துக்குத் தங்கள் கத்தி தேவைப்படுகிறது என்பதைப் பார்த்தார்கள், அந்தக் கத்தியை எடுக்க மறுத்தார்கள். கூலி போயிருக்கும், வாடிக்கை வீடுகளின் கோபம் வந்திருக்கும். அந்த இழப்பு அவர்களுடையதாகவே இருந்தது. ஏற்கனவே எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருந்த பெண்ணின் தலையில் இன்னொரு சுமையாக அது ஏறவில்லை.

2022ஆம் ஆண்டு மே மாதம் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்ற கிராமம் செய்ததும் இதே வகையைச் சேர்ந்ததுதான். கணவன் இறந்தால் வளையலை உடைப்பது, குங்குமத்தை அழிப்பது, தாலியை அறுப்பது ஆகிய சடங்குகளை இனி எங்கள் ஊரில் செய்வதில்லை என்று கிராமசபை தீர்மானம் போட்டது. சில நாட்களிலேயே மகாராஷ்டிர அரசு மற்ற ஊராட்சிகளும் அதைப் பின்பற்றலாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. தீர்மானத்தால் எல்லாம் மாறிவிடாது என்பது எனக்கும் தெரியும். வளையலை உடைக்கிறவர்கள் யாரோ அவர்கள் உடைப்பதில்லை என்று சொன்னார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். சுமங்கலிகளை அழைத்தபோது நீங்கள் போனீர்கள். பாலும் பழமும் கொடுத்தீர்கள், பச்சைப்பிடி சுற்றினீர்கள். திரும்பிய பிறகுதான் தோழி இல்லாதது உறைத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை மறைக்காமல் எழுதியது உங்கள் நேர்மை. ஆனால் அந்த வரியிலேயே நீங்கள் கேட்கும் பதிலும் இருக்கிறது. அவளை அறைக்குள் வைத்த அதே வழக்கம்தான் உங்களை ஊஞ்சலுக்கு முன்னால் நிறுத்தியது. உங்கள் கையில் இருந்த பால் கிண்ணத்தை வாங்க மறுக்கும் உரிமை உங்களுக்கு முழுமையாக இருந்தது. அதை விட்டுவிட்டு, எந்த உரிமையும் இல்லாத ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்தீர்கள். அவள் உங்களோடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நாளை அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் ஒரு சிறு தடங்கல் வந்தாலும், அது மாமியாரோடு ஒரு மனத்தாங்கலாகவோ மாப்பிள்ளைக்கு ஒரு காய்ச்சலாகவோ இருந்தாலும், விரல் நீளும் திசை அவள்தான். நீங்கள் உங்கள் வீட்டில் நிம்மதியாக இருப்பீர்கள். உங்கள் துணிச்சலுக்கான விலையை அவள் கட்ட வேண்டியிருந்திருக்கும்.

"நகுதற் பொருட்டன்று நட்டல்" என்ற குறளை நீங்கள் நினைவுபடுத்தினீர்கள். அந்தக் குறள் இங்கே பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம். இடித்துரைப்பது மிகுதிக்கண், அதாவது நண்பன் வரம்பு கடக்கும் இடத்தில். உங்கள் தோழி எந்த வரம்பைக் கடந்தாள்? தன் மகளின் திருமணம் தடையில்லாமல் முடிய வேண்டும் என்று ஓர் அறையில் உட்கார்ந்து நகைப்பெட்டி அடுக்கினாள். வரம்பு கடந்தவர்கள் அந்த மண்டபத்தில் வேறு இடங்களில் இருந்தார்கள், அவர்களில் பலர் பட்டுப்புடவையோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அதே நட்பு பற்றிப் பேசும்போது இரண்டு அதிகாரம் தள்ளி, பழைமை என்ற அதிகாரத்தில், நண்பர் நோகும்படி ஒன்றைச் செய்தால் அதை அறியாமை என்றோ உரிமை மிகுதி என்றோ எடுத்துக்கொள் என்கிறார் வள்ளுவர். உங்கள் தோழி என்றாவது ஒரு நாள் உங்களை அப்படி நினைத்து மன்னிக்கக்கூடும். ஆனால் அந்தக் குறள் நோவு பட்டவருக்குச் சொன்னது. நோகச் செய்தவர் அதை எடுத்துக்காட்டி மன்னிப்பைக் கோர முடியாது.

அவள் சொன்ன குற்றச்சாட்டை நீங்கள் கோபமாக மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அதில் பாதி நியாயம் இருக்கிறது. மாஹிம் புனித மிக்கேல் ஆலயத்தில் புதன்கிழமை நொவேனா வழிபாட்டுக்கு வரிசையில் நிற்பவர்களில் எத்தனையோ பேர் இந்துக்கள். யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. மும்பையின் இந்த இயல்பை நானும் நேசிக்கிறேன். ஆனால் பிறர் மதத்தின் வாசலில் நாம் காட்டும் சகிப்புத்தன்மை பெரும்பாலும் விருந்தாளியின் மரியாதைதான். விருந்தாளி அடுக்களைச் சண்டைக்குள் போவதில்லை. அது தவறும் இல்லை, பெரிய சாதனையும் இல்லை. அவள் குற்றச்சாட்டில் பிழைபட்ட பாதி எது என்றால், அங்கெல்லாம் கேள்வியே இல்லை என்று நினைத்துக்கொண்டதுதான்.

அவள் குறிப்பிட்ட ஹாஜி அலியையே எடுத்துக்கொள்ளுங்கள். தர்காவின் உள்ளறைக்குப் பெண்கள் போகக்கூடாது என்று நிர்வாகம் தடை போட்டபோது, அதை எதிர்த்து பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்கள் பாரதிய முஸ்லிம் மகிளா ஆந்தோலன் அமைப்பைச் சேர்ந்த முஸ்லிம் பெண்கள். 2016 ஆகஸ்டில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, அந்த ஆண்டு நவம்பரில் உள்ளே போய்ச் சாதர் என்னும் போர்வையும் பூவும் சார்த்தினார்கள். அவர்கள் நம்பிக்கை அற்றவர்கள் அல்லர். நம்பிக்கை இருந்ததால்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. பிறர் மதத்தில் நமக்கு உள்ள வேலை அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். உள்ளே இருப்பவர் கேட்கும்போது அவருக்குப் பக்கத்தில் நிற்பது, அவர் கேட்காத கேள்வியை அவர் வாயில் திணிக்காமலிருப்பது. சொந்த மரபில் கதை வேறு. அங்கே நாம் விருந்தாளிகள் இல்லை, ஆதாயம் பெறுகிறவர்கள். நீங்கள் தோழியின் வழக்கத்தை மட்டும் கேட்டீர்கள் என்று அவள் சொல்கிறாள். அது உங்கள் வழக்கமும்தான் என்பதால் கேட்டீர்கள். இதை அவளிடம் சொல்லலாம், தொலைபேசியில் அல்ல, நேரில், விவாதத்தை வெல்லும் எண்ணம் இல்லாத ஒரு நாளில்.

உங்கள் அம்மாவின் அறிவுரையை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இந்த நகரத்தில் நடந்த இந்து-முஸ்லிம் கலவரங்களில் 900 பேர் இறந்தார்கள் என்று அவற்றை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்திருக்கிறது. அந்த வாரங்களில் பெயர்ப்பலகையைக் கழற்றி வைத்த வீடுகள் உண்டு. அப்படி ஒன்றைக் கண்ட தலைமுறை வாயை மூடு என்று சொல்வதில் பொருள் இருக்கிறது. ஆனாலும் தாராவியில் பிறகு நடந்ததை நினைத்துப் பாருங்கள். கலவரத்துக்குப் பின் அமைதிக் குழு வேலையில் பாவு கோர்டே, வகார் கான் என்ற இருவர் நண்பர்களானார்கள். ஒருவர் இந்து, மற்றவர் சிறிய அளவில் துணி தைக்கும் தொழில் நடத்திய முஸ்லிம். நான்கு சிறுவர்களுக்கு நான்கு மதத்தவரின் உடையை அணிவித்து எடுத்த படத்தைச் சுவரொட்டியாக அச்சிட்டு ஊரெங்கும் ஒட்டினார்கள். காவல் நிலையங்களிலும் அது தொங்கியது. கலைநயம் பார்ப்பவர்களுக்கு அந்தச் சுவரொட்டி கொஞ்சம் வெகுளியாகத் தெரியலாம், எனக்கும் தெரிந்தது. ஆனால் அதன் பின்னால் இருந்த வேலை வெகுளியானது அல்ல. சந்து சந்தாகப் போய், எந்த வதந்தியை யார் பரப்பினார்கள், எந்த வீட்டில் யார் பயந்திருக்கிறார்கள் என்று வாய்விட்டுப் பேசும் வேலை அது. வாயை மூடிக்கொண்டு அதைச் செய்திருக்க முடியாது.

நட்பும் கொள்கையும் மோதும்போது என்ன ஆகும் என்பதற்கு இதே மராட்டிய மண்ணில் ஒரு கதை இருக்கிறது. அதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன், ஆறுதலுக்காக அல்ல. கோபால் கணேஷ் அகர்கரும் பால கங்காதர திலகரும் புணே டெக்கான் கல்லூரிக் காலத்து நண்பர்கள். பெரிய உத்தியோகம் வேண்டாம் என்று சேர்ந்து முடிவெடுத்தவர்கள். 1880இல் பள்ளி தொடங்கியதிலும், அடுத்த ஆண்டு கேசரி பத்திரிகை தொடங்கியதிலும் இருவருக்கும் பங்கு உண்டு. கோலாப்பூர் சமஸ்தானத்தைப் பற்றி எழுதியதற்காக 1882இல் இருவரும் பம்பாய் டோங்கிரிச் சிறையில் 101 நாள் சேர்ந்து இருந்தார்கள். அப்படிப்பட்ட நட்பு ஆறே ஆண்டுகளில் உடைந்தது. அகர்கர் கடவுள் நம்பிக்கை அற்றவர். குழந்தை மணம், கைம்பெண்களின் தலையை மழிப்பது, சாதி ஆகிய எல்லாவற்றையும் உடனே கேள்வி கேட்க வேண்டும் என்றார். அரசியல் விடுதலை முதலில், அந்நிய அரசு நம் சமயத்தில் சட்டம் போடக்கூடாது என்பது திலகரின் கட்சி. அகர்கர் கேசரியை விட்டு விலகி, 1888இல் சுதாரக் என்ற சொந்தப் பத்திரிகை தொடங்கினார். பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய 1891ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருவரும் எதிரெதிர் அணியில் நின்று கடுமையாக எழுதிக்கொண்டார்கள். வைதிகர்கள் சிலர் அகர்கர் உயிரோடு இருக்கும்போதே அவருக்குப் பாடை கட்டி ஊர்வலம் விட்டார்கள். 1895இல், நாற்பது வயதைத் தொடும் முன்பே, அவர் இறந்தார். கேசரியில் அவருக்கு இரங்கல் எழுதியவர் திலகர்.

அந்த இரங்கல் உயர்ந்த பண்பு என்று சிலர் எழுதுவார்கள். இருக்கலாம். எனக்கு அது போதவில்லை. சம்மத வயது விவகாரத்தில் அகர்கர் சரி, திலகர் தவறு என்பதில் எனக்கு ஊசலாட்டம் கிடையாது. ஆனால் அந்த ஏழெட்டு ஆண்டுகளில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வந்துகொண்டே எதிரெதிராக எழுதியிருக்க முடியாதா என்ற கேள்வி விடாமல் வருகிறது. கருத்தில் ஒருவர் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரங்கலில் எழுதியதை உயிரோடிருக்கும்போது ஒரு மாலை வேளையில் சொல்லியிருக்கலாம். உங்களுக்கும் உங்கள் தோழிக்கும் இடையில் இருப்பது அவ்வளவு பெரிய பிளவுகூட அல்ல.

அவள் "நான் நம்புகிறேன்" என்றாளே, எதை நம்புகிறாள் என்று நீங்கள் கேட்டீர்களா? மணிமேகலை வஞ்சி நகரில் சமயக் கணக்கர்களிடம் போகும்போது, ஆண் துறவி வேடத்தில் போய், ஒவ்வொருவரிடமும் உன் கொள்கையைச் சொல் என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறாள். வைதிகவாதி, சைவவாதி, ஆசீவகர், நிகண்டர் என்று நீளும் அந்த வரிசையில் பெரும்பாலோரிடம் அவள் வாதம் செய்வதே இல்லை. கண்ணால் காண்பதைத் தவிர எதையும் ஒப்பமாட்டேன் என்ற பூதவாதியிடம்தான் சிரித்துக்கொண்டே, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். கேள்வி கேட்பவர்களையும் கேள்வி கேட்ட பெண். நீங்கள் நாற்பது ஆண்டுகள் பழகியும், கணவர் போனபின் இந்த நான்கைந்து ஆண்டுகளில் அவள் எப்படி இருக்கிறாள், எதற்கு அஞ்சுகிறாள், எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அது நம்பிக்கையாக இருக்கலாம், மகளுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது என்ற பயமாக இருக்கலாம், கொழுந்தனார் குடும்பத்தின் தயவில் திருமணம் நடந்ததால் வந்த அடக்கமாகவும் இருக்கலாம். கன்னிகாதானத்துக்கு மணையில் உட்கார்ந்தவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள். மூன்றுக்கும் நீங்கள் செய்ய வேண்டியது வேறு வேறு. எது என்று தெரியாமல் கையைப் பிடித்தீர்கள்.

வளைகாப்புக்குப் போங்கள். ஆனால் அன்றைக்கு முதல்முறையாகப் போகாதீர்கள். அதற்கு முன்பே ஒரு பிற்பகலில் அவள் வீட்டுக்குப் போய், ஊஞ்சலன்று உன்னை எல்லோருக்கும் முன்னால் காட்சிப்பொருளாக ஆக்கிவிட்டேன் என்று அதற்காக மட்டும் வருத்தம் தெரிவியுங்கள். வழக்கம் சரி என்று சொல்ல வேண்டியதில்லை, அவளும் அதை எதிர்பார்க்கமாட்டாள். பிறகு மகளிடம் தனியாகப் பேசுங்கள். முதல் வளையலை யார் போட வேண்டும் என்று சொல்லும் உரிமை அந்த மணையில் உட்காருகிற பெண்ணுக்குத்தான் உண்டு. "அம்மா போடட்டும்" என்று அவள் வாயால் வந்தால் அதைத் தடுக்க எந்த மாமிக்கும் துணிவு வராது. கொழுந்தனாரின் மனைவியிடமும் முன்கூட்டியே போய்ப் பேசலாம். எல்லோர் முன்னிலையிலும் கேள்வி கேட்கப்பட்டவர் அவர், தனியாகக் கேட்டால் என்ன சொல்வார் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. வயிற்றில் பேரக்குழந்தை இருக்கும் நேரம், ஊஞ்சல் நாளைவிட அவள் பயம் கூடுதலாக இருக்கும். மகள் கேட்டும் அவள் மாட்டேன் என்றால் அதோடு விட்டுவிடுங்கள், மகளையும் வற்புறுத்த விடாதீர்கள். ஏதாவது ஒன்று தவறிப்போனால் தன்னையே காரணமாக நினைத்து ஆயுள் முழுக்கப் புழுங்கப் போகிறவள் அவள். அப்போது உங்களுக்கு மிஞ்சுவது உங்கள் சொந்தக் கைதான். சுமங்கலிகளை அழைக்கும்போது எழுந்திருக்காதீர்கள். காரணம் கேட்டால், அவள் போடாத வளையலை நானும் போடவில்லை என்று ஒரே வரியில் சொல்லுங்கள், சாஸ்திரம் பற்றிய பேச்சை எடுக்காதீர்கள். வந்தவர்களுக்கெல்லாம் வளையல் அடுக்கும்போதும் கையை நீட்டாதீர்கள். அடுக்களையில் அவள் கலந்த சாதங்களை வாளியில் மாற்றிக்கொண்டிருப்பாள், போய் அப்பளத்தைப் பொரியுங்கள். உங்களைப் பார்த்து வேறொரு பெண்ணும் எழுந்திருக்காமல் இருக்கலாம், ஒருவரும் கவனிக்காமலும் போகலாம். இரண்டாவது நடந்தால் அடுத்த விசேஷத்திலும் இதையே செய்யுங்கள்.

அழைப்பிதழோடு ஒரு வார்த்தை இல்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். பேச்சு நின்றுபோன பிறகும் அவள் அழைப்பை அனுப்பியிருக்கிறாள். வருகிறேன் என்று இன்றே பதில் போட்டுவிட்டு, எந்தக் கிழமை பிற்பகலில் அவள் வீட்டில் இருப்பாள் என்று கேளுங்கள்.